குண்டூசியின் ஆறாவது லெவல்

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
3 ஆகஸ்ட் 2025

டீனாவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. மாதம் ஒருமுறை நீ அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தை அம்மா அடுப்படியில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் படிக்கிறாள். மடத்துத் தோட்டத்தில் வெண்டைக்காய் காய்த்தது, உனக்குச் சளி பிடித்துப் போனது, டிசம்பர் எட்டாம் தேதி முதல் வார்த்தைப்பாடு கொடுத்து நீ சிஸ்டர் ஆகப்போவது, எல்லாம் தெரியும்.

இது நம் ஞாயிற்றுக்கிழமை கேம் விஷயம், டைஸ் உருட்டிக் கதை ஆடினோமே அது. அதற்கு மட்டும்தான் இந்தக் கடிதம்.

மமதாவுக்கு ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை ஹூப்ளி. போன ஞாயிறு ஸ்கெலட்டன் ஏரியாவில் திலீப் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நோயல், ரெண்டு வருஷமா என் பீமக்கா சுரங்கத்து அடியிலயே நின்னுனு கீறா. கல்யாணத்துக்குள்ள மேல ஏத்து. இல்லன்னா ஷீட்ட நானே கிழிச்சிப் போட்டுடுவேன்." திலீப்பும் அவள் பக்கம். அவனுடைய மந்திரவாதியும் அங்கேதானே நிற்கிறான்.

கதை நின்ற இடம் நினைவிருக்கும். சுரங்கத்தின் அடியில் பூட்டிய இரும்புக் கதவு. உன் திருடி குண்டூசி பூட்டுக்குள் கம்பியை விட்டுத் திருகிக்கொண்டிருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் மேலே போகிற கேஜ், சுரங்கத்து லிஃப்ட். அங்கே நிறுத்திவிட்டுத்தான் நீ மடத்துக்குப் போனாய்.

வீட்டுச் சுவரில் நம் ஆட்டப் பலகையில் உங்கள் மூன்று பேரின் பில்லையும் அப்படியே தொங்குகின்றன. அப்பா நிஜச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாயில் கேஜ் ஏற்றி இறக்கின காலத்துப் பித்தளைப் பில்லைகள். அவர் சொன்ன விதியைத்தான் நீ பலகைக்குப் பின்னால் எழுதிவைத்தாய்: கீழே இறங்குகிறவர் தன் பில்லையைத் தன் கையால் மாட்ட வேண்டும், மேலே வருகிறவர் தன் கையால் எடுக்க வேண்டும், ஒரு பில்லை தொங்கினாலும் கடைசிக் கேஜ் ஏறாது. உன் பில்லையை நானே எடுத்துவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "அவங்க பில்லைய அவங்கதான் எடுக்கணும். வேற எவனும் கை வெக்கக் கூடாது."

ஆகவே நீ வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள். சும்மா வரச் சொல்லவில்லை. குண்டூசிக்கு ஆறாவது லெவல் பாக்கி இருக்கிறது. மல்டிகிளாஸ் வேண்டும், ஒரே ஆள் இரண்டு தொழில் செய்ய வேண்டும் என்று மூன்று வருஷம் என் உயிரை எடுத்தாயே, அதற்கு இப்போது அனுமதி தருகிறேன். திட்டமும் போட்டுவிட்டேன். ஆறும் ஏழும் வார்லாக் லெவல். பிசாசோடு ஒப்பந்தம். ஆத்மாவை எழுதிக்கொடுத்தால் கையிலிருந்து நெருப்பு வரும், இருட்டில் கண் தெரியும். எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டேன், ஆத்மாவைக் கொடுப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

டிசம்பருக்கு முன்னால் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

நோயல்


நவகன்னியர் இல்லம், மைசூர்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வருகிற கடிதங்களையெல்லாம் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று அம்மா உன்னிடம் சொல்லவில்லையா? சொல்லியிருந்தும் இப்படி எழுதினாயா?

மதர் லூர்து தூத்துக்குடிக்காரர். புதிதாகச் சேர்ந்த எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நாவிஸ் மிஸ்ட்ரஸ். என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உன் கடிதம் மேஜைமேல். "ஆத்மாவை எழுதிக்கொடுத்தால்" என்ற வரியின் கீழே சிவப்புக் கோடு. "என்ன பிள்ள இது? யாரு கூட ஒப்பந்தம்? எங்க வந்து கையெழுத்துப் போடச் சொல்லுதான்?" என்றார். இது விளையாட்டு மதர், நாலு பேர் உட்கார்ந்து டைஸ் உருட்டிக் கதை சொல்கிற விளையாட்டு என்றேன். "விளையாட்டுல எதுக்கு ஆத்மா?" என்றார். அதற்குப் பதிலை நீ சொல்லு.

முக்கால் மணி நேரம் விளக்கினேன். நீ கதை சொல்கிறவன், நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுகிறவர்கள், லெவல் ஏற ஏறத் தொழில் தேறும் என்பதெல்லாம். கடைசியில் கடிதத்தை என் கையில் கொடுத்து, "உங்க அண்ணன் உன்னை வீட்டுக்கு வரச் சொல்லுதான். அதைச் சொல்ல வெக்கப்பட்டுப் பிசாசைக் கூட்டிட்டு வாரான்" என்றார். கோடு போட்டது அந்த ஒரு வரிக்கு மட்டும்தான். மீதியை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

அண்ணா, வார்லாக் வேண்டாம். எனக்கு வேண்டியது கிளெரிக் ஒரு லெவல். சாமி பக்கத்து ஆள், காயம் ஆற்றுகிறவள். போவதற்கு முன்பே கேட்டேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கிளெரிக் ஆக ஷீட்டில் விஸ்டம், அதாவது ஞானம், பதின்மூன்று வேண்டும். என்னிடம் சரியாகப் பதின்மூன்று இருக்கிறது.

வீட்டுக்கு வர முடியாது. அது உனக்கே தெரியும். கடிதமும் மாதக் கடைசி ஞாயிறு மட்டும்தான் எழுதலாம்.

இன்னொன்று. நான் கிளம்பின அன்று மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு நீ வரவில்லை. தினமும் நீ வேலைக்குப் போகிற அதே காலை வண்டி. அன்றைக்கு மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டாய். கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் கதவிலேயே நின்று பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷமாக இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

டீனா


மைசூர் மைன்ஸ்
14 செப்டம்பர் 2025

டீனா,

ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். குண்டூசியின் விஸ்டம் பன்னிரண்டு. பதின்மூன்று இல்லை. ஆகவே கிளெரிக் ஆக முடியாது. விதி விதிதான்.

மல்டிகிளாஸ் எனக்கு ஏன் பிடிக்காது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஐந்து லெவல் திருடியாக வளர்ந்தவள் அதையே ஒழுங்காகத் தொடர்ந்தால் பத்தாவது லெவலில் அவளை ஒருவனும் அசைக்க முடியாது. பாதியில் புதுத் தொழிலுக்குப் போகிறவளுக்குப் பழையதும் முழுமையாகாது, புதியதும் முழுமையாகாது. கூட நின்றவர்கள்தான் நடுவழியில் திண்டாடுவார்கள்.

நீ மடத்துக்குப் போவதாக முதலில் அம்மாவிடம் சொன்னாய். அப்புறம் அப்பாவிடம். அப்புறம் பங்குச் சாமியாரிடம். எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாய். அதை நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மதருக்கு: ஆத்மா பற்றிய வரிக்கு மன்னிக்கவும்.

நோயல்


நவகன்னியர் இல்லம்
28 செப்டம்பர் 2025

அண்ணா,

உன்னிடம் கடைசியில் சொன்னதற்குக் காரணம், நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் போகாமல் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் அழுதால் தாங்கிக்கொள்வேன். அது உனக்கு மரியாதைக் குறைவாகப் போய்விட்டது. தப்புதான். மன்னித்துக்கொள்.

விஸ்டம் விஷயத்துக்கு வருகிறேன். குண்டூசியை உருவாக்கின அன்று அந்த நம்பருக்கு நாலு டைஸ் உருட்டினேன். ஒன்று திலீப் வீட்டு பீரோவுக்கு அடியில் ஓடிப்போனது. விழுந்த இடத்திலேயே எண்ண வேண்டும் என்று நீதான் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாய். ஆறு, நாலு, மூன்று, இரண்டு. இருப்பதில் சின்னதைத் தள்ளிவிட வேண்டும். பதின்மூன்று. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இப்போது சொல்லப்போவதை அம்மாவிடம் சொல்லாதே.

போன மாதம் பிஷப் பூசைக்கு வந்தார். அன்று பார்த்து பூசைச் சாமான் அலமாரியின் சாவி தொலைந்துவிட்டது. எல்லாரும் தவித்தார்கள். நான் ஒரு ஹேர்பின் வாங்கி இரண்டு நிமிஷத்தில் திறந்துவிட்டேன். உனக்குத் தெரியும், நம் வீட்டுப் பூட்டுகளில்தான் பழகினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வாரம் எங்களுக்குத் தியானம் கொடுக்க வந்த சாமியார் அதைக் கேட்டுவிட்டு, பிரசங்கத்திலேயே சொன்னார்: உலகத்தில் கற்றதையெல்லாம் கேட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும், பழைய ஆள் செத்துப் புது ஆள் பிறக்க வேண்டும் என்று. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. சாமிமேல் சந்தேகம் இல்லை. நம்பிக்கை நான் இங்கே வந்தபோது இருந்ததைவிட இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் சத்தமாகச் சிரிக்கிற, வாயாடுகிற, பூட்டைப் பார்த்தால் கை துறுதுறுக்கிற டீனாவை அழித்துவிட்டுத்தான் சாமியிடம் போக வேண்டும் என்றால், போய்ச் சேருகிறவள் யார் என்று எனக்கே தெரியவில்லை. வார்த்தைப்பாடு கொடுக்க விரும்புகிறேன் என்று ஒவ்வொருவரும் சொந்தக் கையால் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள். மற்ற ஐந்து பேரும் கொடுத்துவிட்டார்கள். நான் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதவில்லை என்றால் நவம்பர் முதல் வாரம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இதை மதர் படிப்பார். படிக்கட்டும்.

உன்னிடம் ஒரே ஒரு உதவி. ரூல் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. மல்டிகிளாஸ் பக்கத்தில், புதுத் தொழில் எடுத்தால் பழைய லெவல்கள் என்ன ஆகும் என்று போட்டிருக்கும். எனக்குச் சரியாக நினைவில்லை. அதைப் பார்த்து எழுது. சிரிக்காதே. இங்கே எல்லாரிடமும் எல்லாமும் கேட்டுவிட்டேன், இதைக் கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

டீனா


மைசூர் மைன்ஸ்
12 அக்டோபர் 2025

அன்புள்ள டீனா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அம்மாவிடம் காட்டவில்லை. தினமும் ரயிலில் எடுத்துப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பதில் எழுதாமல் சும்மா இருந்தாலே போதும், முப்பத்தொன்றாம் தேதி தானாகத் தாண்டிவிடும், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று தோன்றியது. பொய் சொல்ல வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஒன்பது நாளும் அப்படித்தான் இருந்தேன்.

இன்று காலை பூசையிலிருந்து வந்து பலகை எதிரே உட்கார்ந்தேன். அம்மா வந்து, "இன்னாடா, ஆணியப் பாத்துனு கீற?" என்றாள். அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பதின்மூன்று. பீரோவுக்கு அடியில் நான் பார்த்தது நாலு. மொத்தம் பதின்மூன்று. ஷீட்டில் பதின்மூன்று என்றுதான் எழுதினோம். 2023 மே மாதம், ஆட்டம் முடிகிற நேரத்தில், அடுத்த லெவலுக்கு கிளெரிக் எடுக்கட்டுமா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாய். அன்று சாயங்காலம்தான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். நான் அறைக்குப் போய் உன் ஷீட்டை எடுத்து, ரப்பரால் மூன்றை அழித்து, இரண்டு போட்டேன். குண்டூசியாவது எங்கும் போகாமல் இருக்கட்டும் என்று. முப்பது வயது ஆள் செய்கிற வேலை இல்லை, தெரியும். ஐந்து வருஷமாக ஒரு டைஸைக்கூட மாற்றிச் சொல்லாதவன் நான். அதை மட்டும் செய்தேன். போன மாதம் "விதி விதிதான்" என்று எழுதினேன் பார், அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

இப்போது திருத்திவிட்டேன். பேனாவால். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து மை ஊறிவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது.

இரண்டாவது, ஸ்டேஷன். நான் வந்தேன். அதே வண்டியில் இரண்டு பெட்டி தள்ளி ஏறிக்கொண்டேன். நீ கதவில் நின்றதைப் பார்த்தேன். வளைவு வரும்போதெல்லாம் உன் துப்பட்டா தெரிந்தது. நான் இறங்க வேண்டிய கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கவில்லை. பெங்களூரில் அப்பா உன் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போக, நீ பின்னால் போனாய். தூண் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்புறம் திரும்பி ஆபீஸுக்குப் போனேன், அரை நாள் லீவு போட்டார்கள்.

மூன்றாவது, நீ கேட்ட பக்கம். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதுத் தொழில் எடுக்கும்போது பழைய லெவல் எதுவும் போகாது. ஒன்றுகூடப் போகாது. குண்டூசி ஐந்து லெவல் திருடி, ஒரு லெவல் கிளெரிக். மொத்தம் ஆறு. பூட்டுத் திறக்கிற கை அப்படியே இருக்கும். மறைந்திருந்து அடிக்கிற அடி அப்படியே இருக்கும். அதற்குமேல் காயத்தில் கை வைத்தால் ஆறும். நாளுக்கு இரண்டு தடவை. இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம் காட்டலாம், அதற்கு எண்ணிக்கை கிடையாது.

நஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறவள் மெதுவாகத்தான் ஏறுவாள். திருடிக்கு ஆறாவது லெவலில் கிடைக்கிறது தள்ளிப்போகும். பெரிய மந்திரங்கள் ரொம்ப நாள் கழித்துத்தான் வரும். சேற்றில் ஒரு கால் என்று எழுதினேன். புத்தகத்தில் அப்படி எங்கேயும் இல்லை. அது நான் சேர்த்தது.

அந்தத் தியானச் சாமியார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு பக்கம்தான். இதை எழுதுவதால் நீ அந்த வெள்ளைத் தாளை எழுதிவிடுவாய் என்றும் தெரியும். நீ போகக் கூடாது என்றுதான் எனக்கு இப்போதும் ஆசை. ஆசைக்காக நம்பரை மாற்றினவன் என்று மட்டும் இருக்க வேண்டாம்.

உன் அண்ணன்
நோயல்


நவகன்னியர் இல்லம்
26 அக்டோபர் 2025

என் அன்பு அண்ணா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை. ஒன்றரைப் பக்கம். அலமாரியைத் திறந்த கையோடுதான் வருகிறேன் என்றும் அதில் எழுதினேன். மதர் படித்துவிட்டு, "அந்தச் சாமியாரு அவரு பூட்டைத் தொறக்க ஆள் கிடைக்காதப்ப தெரிஞ்சிக்கிடுவாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே.

நீ ரப்பர் எடுத்து அழித்ததைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஸ்டேஷன் பகுதியைப் படித்தேன். அப்புறம் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இரண்டு பெட்டி தள்ளி நின்றாயே, ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே. கூப்பிட்டிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன், அதுவும் உனக்குத் தெரிந்துதான் கூப்பிடாமல் இருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன்.

மமதாவைக் காக்க வைக்காதே. என் பில்லையை நீயே எடுத்துவிடு. நான் அனுமதி தருகிறேன். டிசம்பர் எட்டாம் தேதி உன்னை வரச் சொல்லிக் கேட்கமாட்டேன். அப்பாவும் அம்மாவும் வருவார்கள். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது வா.

டீனா

(கீழே பென்சிலில்:) நோயல் தம்பிக்கு. நாளுக்கு இரண்டு தடவைதான் காயம் ஆற்றலாம் என்றால், கூட இருக்கிறவர்கள் மூன்று பேருக்குக் காயம் பட்டால் என்ன செய்வாள்? யாரை விடுவாள்? பதில் தெரிந்தால் எழுதவும். ரொம்ப நாளாக எனக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. சி. லூர்து.


மைசூர் மைன்ஸ்
16 நவம்பர் 2025

அன்புள்ள டீனா,

உன் பில்லையை நான் எடுக்க முடியாது. அனுமதியெல்லாம் செல்லாது. பலகைக்குப் பின்னால் நீ எழுதினதைத் திருப்பிப் படித்தேன், "தன் கையால்" என்று இருக்கிறது. ஒரு தடவை விதியில் கைவைத்துப் பட்டது போதும்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆளு வர முடியலன்னா பலகைய எடுத்துனு போ. இன்னா இப்போ? சுவத்துலதான இருக்குது, ஆணி அடிச்சதுதான?" என்றார். அவரே ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். பில்லைகள் ஆணியிலிருந்து நழுவாமல் இருக்க அம்மா மூன்றுக்கும் துணி சுற்றிக் கட்டியிருக்கிறாள். வழியில் ஒன்று விழுந்தாலும் கணக்கில்லை என்று திலீப் பயமுறுத்துகிறான்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை. லீவு சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை வண்டியில் கிளம்பி, பெங்களூரில் மைசூர் வண்டி மாறி வருகிறோம். அப்பா, அம்மா, நான், மமதா, திலீப், பலகை. அவர்கள் பில்லையை அவர்களும் கையால் எடுக்க வேண்டுமே. மமதா கல்யாணப் புடவைகளில் ஒன்றை இப்போதே கட்டிக்கொண்டு வருவேன் என்கிறாள்.

கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. திறக்க இருபது முக டைஸில் பதினைந்துக்குமேல் விழ வேண்டும். விழாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

மதருக்கு: புத்தகத்தில் பதில் இல்லை. எங்கள் திலீப்புக்கு ஒரு தடவை அப்படி ஆனபோது, மூன்றாவது ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

நோயல்


புனித அன்னாள் மடம், மைசூர்
14 டிசம்பர் 2025

அண்ணா,

இப்போது எந்த ஞாயிறும் எழுதலாம், ஒருவரும் பிரிப்பதில்லை. மதர் மட்டும், "தம்பி என்ன எழுதியிருக்கான்னு படிச்சிச் சொல்லணும்" என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

நான் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது பின்னாலிருந்து டங்கென்று ஒரு சத்தம் வந்ததே, பலகை பெஞ்சில் இடித்ததுதானே? வார்த்தைப்பாட்டுத் தாளை விரித்தும் முதல் வரியைத் தொடங்காமல் இருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் குரல் வந்தது. நீ வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

சாப்பாட்டு ஹாலில் முப்பது சிஸ்டர்மார் சுற்றி நிற்க நான் டைஸ் உருட்டியதை இங்கே இன்னும் பேசுகிறார்கள். பத்தொன்பது விழுந்ததும் மதர் போட்ட சத்தத்தில் பிஷப்பின் டிரைவர் ஓடி வந்தார். திலீப் தன் பில்லையை எடுத்தான், மமதா எடுத்தாள், கடைசியில் நான் எடுத்தேன். வெறும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு அப்பா, "ஷிஃப்ட் முடிஞ்சது" என்றார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் பார்த்தேன்.

மமதா ஹூப்ளிக்குப் போனாலும் போனில் ஆடப்போகிறாள் என்றும், ஜனவரியில் புதுச் சுரங்கம் ஆரம்பிக்கிறாய் என்றும் சொன்னாய். குண்டூசியும் வருகிறாள். ஐந்து லெவல் திருடி, ஒரு லெவல் கிளெரிக். இங்கே ஆட முடியாது, கடிதத்தில் என் முறையை எழுதி அனுப்புகிறேன். உருட்டிய நம்பரைப் பேனாவால் எழுதுவேன்.

ஆனால் என் பில்லை என்னிடமே இருக்கிறது. அன்றைய கூட்டத்தில் மறந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தபாலில் அனுப்பமாட்டேன், கேட்காதே. கீழே இறங்க வேண்டுமானால் நான் என் கையால் மாட்ட வேண்டும். ஏறும்போது என் கையால் எடுக்க வேண்டும். எங்களுக்குப் பார்வையாளர் நாள் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. ஆகவே ஒவ்வொரு தடவையும் நீ பலகையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

விதி அப்படி. ரப்பர் எடுக்காதே, பலகைக்குப் பின்னால் நான் அதை மார்க்கரில் எழுதியிருக்கிறேன்.

டீனா